கால் கிரவுண்ட் வீடு, இரண்டு மழைக்காலம் கழித்து

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். மற்ற நல்லது கெட்டதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மனை 600 சதுர அடி, சென்னைக் கணக்கில் கால் கிரவுண்ட். அகலம் 12½ அடி, நீளம் 48 அடி. இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவர் போனால் உள்ளே 11 அடி. ரயில் பெட்டியும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், மொட்டை மாடியில் ஒரு அறை. 2015ல் கட்டியது. இடம் திருவல்லிக்கேணி, பார்த்தசாரதி கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சந்து. தரகர் இதை 'இண்டிபெண்டன்ட் வில்லா' என்றுதான் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

2023 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், 74 வயதில் முட்டிவலியோடு என் மாமியார். இந்த ஏரியாதான் வேண்டும் என்று அடம் பிடித்தவர் அத்தைதான். கல்யாணமாகி 40 வருஷம் இதே பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர். நடுவில் நாங்கள் எட்டு வருஷம் புறநகரில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்குப் போனோம். அந்த எட்டு வருஷமும் அவர் பால்கனியில் நின்று யாராவது தெருவில் போகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் போகவில்லை.

பழைய பேட்டையில் புது வீடு வாங்கலாமா என்று ஆபீஸில் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று சொன்னதை மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றரை வருஷத்தில் பதினோரு வீடு பார்த்தோம். இதற்குத்தான் முதன்முறையாகத் தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப்போனேன். அந்தப் புத்தி முதல் வீட்டிலேயே வந்திருந்தால் பத்து ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும். அவர் கொண்டுவந்த கருவிகள்: ஒரு ரூபாய் நாணயம், ஒரு கோலிக்குண்டு, ஒரு டார்ச் லைட். தரகர் நேராக மாடுலர் கிச்சனுக்கு அழைத்துப்போகப் பார்த்தார். மேஸ்திரி உள்ளே வரவே இல்லை. தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாதாளச் சாக்கடை மூடியையும் எங்கள் வாசல்படியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைல்ஸு, கப்போர்டெல்லாம் கல்யாணப் பொண்ணு மேக்கப்பு மாதிரிக்கா. இந்த மூடியவிட வீடு எவ்ளோ ஒசரம், அதப் பாருங்க மொதல்ல" என்றார்.

எங்கள் சந்தில் நடந்தால் அவர் சொன்னது புரியும். பழைய வீடுகளின் திண்ணை ஒரு காலத்தில் இடுப்பளவு இருந்தது, குழந்தைகளைத் தூக்கித்தான் உட்கார வைப்போம் என்பார் அத்தை. இப்போது அதே திண்ணை முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. தார் மேல் தார், அதன் மேல் தார். இப்போதெல்லாம் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஏறினது ஏறினதுதான்.

இந்த வீட்டைக் கட்டியவர் அதைக் கணக்கில் வைத்திருந்தார். தரைமட்டத்தைத் தெருவிலிருந்து மூன்று அடி தூக்கிவிட்டார். அதனால் வாசலில் ஐந்து படி, ஒவ்வொன்றும் ஏழு இஞ்சுக்கு மேல். மேஸ்திரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அத்தை ஐந்து படியையும் ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வீட்டைப் பற்றிய என் மொத்தக் குழப்பமும் அந்த ஐந்து படியில் அடங்கும். அந்த மூன்று அடியால்தான் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. திண்ணை போனதும் அத்தையின் முட்டி போனதும் அதே மூன்று அடியால்தான்.

குடிவந்த நாலாவது மாதமே பரீட்சை வந்துவிட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி இரவு ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. தண்ணீர் முதல் படியை மூடி, இரண்டாவது படி விளிம்பில் வந்து நின்றது. பக்கத்துப் பழைய வீட்டில் கூடத்திலேயே கணுக்கால் தண்ணீர். அவர்களுடைய அரிசி மூட்டை, தையல் மெஷின், பாட்டியம்மா என்று ஒவ்வொன்றாக எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த மூன்று நாளும் இரண்டு பாட்டிகளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் 1960களின் மழையைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள்.

வீடு பாஸ் என்று நினைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பின்கட்டில் குளக் குளக் என்று ஒரு சத்தம். கொல்லைப்புறத்துத் துவைக்கிற இடம் மட்டும் வீட்டின் தரையைவிட இரண்டரை அடி கீழே, கிட்டத்தட்ட தெருமட்டத்தில் இருக்கிறது. தெருச் சாக்கடை நிரம்பியதும் அங்கே தண்ணீர் வெளியே போகும் ஓட்டை வழியாக எதிர்த்து வந்துவிட்டது. ஒரு பழைய புடவையைச் சுருட்டி அடைத்து, மேலே அம்மிக்கல்லை வைத்து, விடிய விடிய காவல் இருந்தோம். மழை விட்டதும் முதல் வேலையாக பிளம்பரைக் கூப்பிட்டு என்ஆர்வி போட்டேன். தண்ணீரை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது, அவ்வளவுதான் அந்தச் சாதனம். அடுத்த மழைக்காலத்தில், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் வந்தபோது, சத்தமே இல்லை. இந்த மாதிரி வீடு பார்க்கப் போகிறவர்கள் கூடத்தின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். வீட்டிலேயே தாழ்வான ஓட்டை எது என்று தேடிப் பாருங்கள்.

கோலிக்குண்டு எதற்கென்றால் பாத்ரூமுக்கு. தரையில் விட்டால் அது தானாக உருண்டு தண்ணீர் போகும் ஓட்டைக்கு வர வேண்டும். கீழ் பாத்ரூமில் வந்தது. மாடி பாத்ரூமில் கதவுப் பக்கம் வந்து நின்றது. இன்றுவரை அங்கே குளித்துவிட்டு வருகிறவர் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் வர வேண்டும். நாணயத்தால் டைல்ஸைத் தட்டினால் நிறைந்த இடத்தில் டிக் டிக் என்கிறது, கீழே சிமென்ட் இல்லாத இடத்தில் டொக் டொக் என்கிறது. படுக்கையறை மூலையில் ஆறு டைல்ஸ் டொக் டொக். இதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் இறக்கினேன். அந்த ஆறும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, உடையவில்லை. வாங்கின கணக்கில் அது எனக்கு லாபம்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வக்கீல் வேலை. ஆனால் பழைய பேட்டையில் ஒரு வார்த்தையைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: அடிமனை. இந்த மாதிரி இடங்களில் கோயிலுக்கும் வக்ஃபுக்கும் சொந்தமான மனைகள் நிறைய. மேலே நிற்கிற கட்டடம் மட்டும் விற்கிறவருடையது, அடிமனை அவருடையது அல்ல, அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் பார்த்த பதினொன்றில் இரண்டு அப்படி. விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், அண்ணன் தம்பி சொத்து. 600 சதுர அடி மனை என்றாலே யாரோ பாகம் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எத்தனை பேருக்குப் பிரிந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று தாய்ப்பத்திரத்திலிருந்து பார்க்க வேண்டும். தரகர் 30 வருஷ வில்லங்கம் போதும் என்றார். எங்கள் வக்கீல் 1975 வரை பின்னால் போனார். 1982ல் அந்தப் பழைய குடும்பத்து அத்தை ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்தது விடுதலைப் பத்திரமாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. நாங்கள் வாங்கிய 2023லதான் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2ஆகக் குறைத்திருந்தார்கள். அதே கையோடு, இதையெல்லாம் கணக்குப் போட அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றியும் விட்டார்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்ட மாதிரி.

எங்களுக்கு நேர்ந்த ஒரே சறுக்கல் மாடி அறை. வீட்டைக் கட்டிய பில்டர் அப்ரூவல் வாங்கியது கீழ்த்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் மட்டும். மொட்டை மாடி அறை வரைபடத்திலேயே இல்லை. பாங்க் மதிப்பீட்டாளர் வந்து அளந்தார், மூன்றாவது மாடிப்படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார், "இத நான் பாக்கல மேடம்" என்று இறங்கிப் போனார். அவர் பார்க்காத அந்த அறைக்கு லோன் கிடையாது, விற்றவரோ அதற்கும் சேர்த்துத்தான் காசு கேட்டார். இரண்டு வாரம் இழுத்தடித்துப் பாதியில் முடிந்தது. இன்றைக்கு அது பையனுடைய அறை. அவனிடம் சொல்லியிருக்கிறேன், நீ இருப்பது அரசாங்கத்துக்குத் தெரியாத இடம், சத்தம் போடாமல் இரு என்று.

சரி, வீட்டுக்குள் வருவோம். வெளிச்சம்தான் இந்த வீட்டின் பெரிய குறை. இடமும் வலமும் வேறு வீடுகள் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சே இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் நாலுக்கு ஐந்து அடியில் மேலே திறந்த ஒரு குழி. கட்டடக்காரர்கள் அதை ஓடிஎஸ் என்கிறார்கள். அத்தை அதை முதல்முறை பார்த்தபோது, "அட, முத்தம்!" என்று பழைய வீட்டு முற்றமே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். மறுநாளே துளசி மாடத்தை அங்கே வைத்தார். முதல் தளத்துக்கு அந்தக் குழி வெளிச்சம் தருகிறது, உண்மை. கீழே சமையலறைக்கு மதியம் பதினொன்றரையிலிருந்து ஒரு மணிவரை மட்டும் ஒரு வெயில் துண்டு இறங்கி வரும், பாத்திரம் கழுவுகிற தொட்டியைத் தொட்டுவிட்டுப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் ட்யூப்லைட். மூன்றே வாரத்தில் துளசி காய்ந்துவிட்டது. இப்போது மொட்டை மாடியில் செழிப்பாக இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுவது பையன், ஏனென்றால் அத்தையால் ஏற முடியாது.

பழைய வீடுகளின் முற்றத்தை நினைத்தால் எனக்குப் பொறாமைதான். அவர்களும் இதே அகல மனையில்தான் கட்டினார்கள். ஆனால் ஒரே தளம், நடுவில் முற்றம், உயரமான கூரை. நாங்கள் அந்த இடத்தையெல்லாம் மாடியாக மாற்றிக்கொண்டோம். 600 அடி மனையில் இரண்டு படுக்கையறை கூடுதலாக வேண்டும் என்றால் ஆகாயத்தைத்தான் விற்க வேண்டும், வேறு வழியில்லை.

வெக்கையிலும் பழைய வீடு ஜெயிக்கிறது. பக்கத்து வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு போட்ட கூரை. சித்திரை மாதம் மதியம் அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்துவர மனசு வராது. எங்கள் முதல் தளம் கான்கிரீட், ராத்திரி பதினோரு மணிவரை பகலை விடாமல் பிடித்து வைத்திருக்கும். மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. கடற்காற்று மட்டும்தான் துணை. வாசல் கிழக்குப் பார்த்தது, மெரினா கூப்பிடு தூரம், மதியத்துக்கு மேல் முன் ஜன்னலைத் திறந்தால் பின் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும். நீளமாக, குறுகலாக இருப்பதன் ஒரே லாபம் அது. ஆனால் அதே காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு அடித்து ஒரு வருஷம் தாங்கவில்லை, ஓரங்களில் துரு பூத்து பெயின்ட் பொரி மாதிரி உப்பிக்கொண்டது. ஏசியின் வெளி யூனிட்டைப் பின்பக்கம் வைக்கச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

மாடிப்படி இரண்டே முக்கால் அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். குடிவந்த அன்றைக்கு அத்தையின் கல்யாணச் சீர் பீரோ அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஆறரை அடி இரும்பு பீரோ, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதற்கு மேலே நின்றிருந்த என் வீட்டுக்காரரால் இறங்கவும் முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எப்படியோ கீழே இறக்கினோம். தெற்குப் பக்கம் எங்களை ஒட்டி நிற்பது ஒரு மேன்ஷன், வெளியூர்ப் பையன்கள் தங்கி வேலை தேடுவதும் பரீட்சைக்குப் படிப்பதுமாக இருக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன். அதன் வராந்தாவில் வரிசையாகத் தலைகள் வேடிக்கை பார்த்தன. ஒரு தென்காசிப் பையன் கத்தினான்: "அண்ணாச்சி, கயிறு இருக்கா?" அடுத்த அரைமணியில் நாலு பேர் எங்கள் பால்கனியில் நின்று வடம் பிடித்தார்கள், மூன்று பேர் கீழேயிருந்து மூங்கிலால் தாங்கினார்கள், பீரோ ஆகாய மார்க்கமாக முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூலி: ஆளுக்கு நாலு பஜ்ஜி, ஒரு காபி. இந்த வகை வீடு வாங்குகிறவர்கள் வீட்டிலிருக்கும் மிகப் பெரிய சாமானின் அளவை டேப்பில் எடுத்துக்கொண்டு போய்ப் படியின் திருப்பத்தில் வைத்துப் பாருங்கள். அல்லது பக்கத்தில் மேன்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேன்ஷனால் தொந்தரவும் உண்டு. எங்கள் மொட்டை மாடியை அவர்களுடைய மூன்றாவது மாடி வராந்தா நேராகப் பார்க்கிறது. துணி காயப்போடும் இடத்துக்குத் தகர மறைப்பு கட்டும்வரை எனக்குச் சங்கடம்தான். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் ஸ்டேடியத்தில் கத்துவது ஒரு தடவை, அது டிவியில் வந்ததும் மேன்ஷனில் கத்துவது இன்னொரு தடவை. ஒவ்வொரு விக்கெட்டும் எங்களுக்கு இரண்டு முறை விழும்.

தண்ணீர் விஷயம். மெட்ரோ வாட்டர் லைன் இருக்கிறது, போர்ட்டிகோவுக்குக் கீழே 6,000 லிட்டர் சம்ப். போர்வெல் தண்ணீர் மழைக்காலத்தில் வாயில் வைக்கும்படி இருக்கும், வைகாசி வந்தால் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. விற்றவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 2019ல் என்ன செய்தீர்கள்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்ட அந்தக் கோடையைச் சமாளித்த வீட்டுக்காரரிடம் கேட்டால் நிஜம் வந்துவிடும். பெரிய லாரி இந்தச் சந்துக்குள் திரும்பாது, முனையில் நிறுத்தி ஹோஸ் இழுத்தோம் என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்கே அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் மழைநீர்க் குழி விஷயத்தில் எல்லோருமே ஏமாந்திருந்தோம், விற்றவரும் சேர்த்து. 2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், வரைபடத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தது. வாசலில் வட்டமாக ஒரு மூடியும் இருந்தது. மேஸ்திரி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். உள்ளே கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் வளையம் மாதிரி ஒரே ஒரு உறை, ஒன்றரை அடி ஆழம், அடியில் சிமென்ட் பூச்சு. மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய் அதற்குள் வரவே இல்லை, பக்கவாட்டில் திரும்பி நேராகத் தெருச் சாக்கடைக்குப் போயிருந்தது. "இது மழைநீர்த் தொட்டி இல்லக்கா, மூடி மட்டும்தான்" என்றார். இப்போது 15 அடிக்கு உறை இறக்கி, குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறோம். மண் இங்கே மணற்பாங்கு, எவ்வளவு கொட்டினாலும் குடிக்கிறது. கடந்த கோடையில் உப்புக் கரிப்பது கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் அது என் கற்பனை என்கிறார்.

இனி வடக்குச் சுவர். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது மேஸ்திரியே தவறவிட்ட ஒரே விஷயம் அது. நாங்கள் வெயில் காலத்தில் பார்த்தோம், அதுதான் தப்பு. ஐப்பசியில் மாடிப் படுக்கையறையின் வடக்குச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், ஒரு உள்ளங்கை அளவுக்கு நிறம் மாறியது. ஒரு வாரத்தில் தாம்பாளம் அளவு. மிக்ஜாமுக்குப் பிறகு பீரோவை நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுக்க இந்தியா வரைபடம் போல ஓதம். பெயின்ட் உரிந்து, உள்ளே உப்பு பஞ்சு பஞ்சாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. அத்தையின் கூறைப்புடவையில் பூஞ்சை வாசனை. அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை.

காரணம் எங்கள் சுவரும் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் சாய்வாக நிற்கிறது. அதை ஒட்டி எங்கள் தூண், பீம் எல்லாம் எழுப்பும்போது இரண்டு இஞ்ச் சந்து விட்டிருக்கிறார்கள். கை போகாது, கரணை போகாது, ஆகவே எங்கள் சுவரின் அந்தப் பக்கம் பூச்சே கிடையாது. மழை அந்த இரண்டு இஞ்சில் மேலேயிருந்து இறங்கி, பூசாத செங்கல்லில் ஊறி, உள்ளே வருகிறது. வெளியே போகக் குப்பையும் இலையும் விடவில்லை. பழைய வீட்டை ஒட்டிக் கட்டிய புது வீடுகளில் பெரும்பாலும் இந்தச் சந்து இருக்கும். மொட்டை மாடியில் ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் வாயை மூடியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மூட வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுச் சுவர்மேல் கை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு பாய்க்கு 80 வயது இருக்கும், பாட்டியம்மா அவருடைய அக்கா. நான் தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து, தன் வீட்டுக் கூடத்தில் காலண்டரை நகர்த்திக் காட்டினார். அங்கேயும் அதே இந்தியா வரைபடம்.

"உங்க வீடு வந்ததுலேர்ந்து இருக்கும்மா. எட்டு வருஷமா யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன்" என்றார்.

நான் புகார் சொல்லப் போன இடத்தில் என் வீட்டின் மேலேயே புகார் இருந்தது. செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, முழுக்க நானே ஏற்றுக்கொண்டேன். கால்வனைஸ்டு தகட்டை வளைத்து, இரண்டு சுவருக்கும் குடை மாதிரிப் பிடித்து, ஓரத்தில் சிமென்ட் பூசினார்கள். 18,000 ரூபாய். 2024 மழையில் சுவர் காய்ந்தே இருந்தது. அவர் வீட்டிலும்தான். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வரும் நோன்புக் கஞ்சித் தூக்கு அந்த வருஷம் ஒரு சைஸ் பெரிதாக வந்தது.

தெருவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், எழுதினால் வீட்டை மறந்துவிடுவேன். ஜாம் பஜாரில் காய்கறி, பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகம், 1948லிருந்து இருக்கும் ரத்னா கஃபேயில் சாம்பாரில் குளிக்கிற இட்லி, எல்லாமே செருப்பைப் போட்டால் போய்விட்டு வரும் தூரம். பறக்கும் ரயில் ஸ்டேஷன் பத்து நிமிடம். கார் இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். எங்களிடம் இல்லை. வைகுண்ட ஏகாதசி, தேர், தெப்பம் என்றால் ஸ்கூட்டரைக் கூட முந்தின நாளே வெளியே எங்காவது விட்டுவிட வேண்டும். மாடுகள் வாசலில் நிற்கும், அவற்றுக்கு நாம்தான் வழிவிட வேண்டும்.

அத்தை முதல் மாதம் வாசல் பக்கமே வரவில்லை. திண்ணை இருந்தால் உட்காரலாம், கிரில் கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிறேன், கேட் திறந்திருக்கிறது, அத்தை மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. எதிர்வீட்டம்மா தெருவில் நின்றபடி ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேரும் ஆளுக்கொரு உயரத்தில். ஸ்கூட்டரை உள்ளே விட வழியில்லை. "சுத்திட்டு வா, பத்து நிமிஷம் ஆவும்" என்றார் அத்தை. பிறகு அந்த மூன்றாவது படியை மட்டும் கொத்தனாரை வைத்து அரை அடி அகலப்படுத்தி, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கைப்பிடியும் போட்டுக் கொடுத்தோம். வீட்டில் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, பத்துக்கு எத்தனை மார்க் போடலாம் அத்தை என்று கேட்டேன். நீ எத்தனை போட்ட என்றார். ஏழரை என்றேன். முறத்திலிருந்து தலை நிமிர்ந்தார். "ஏழரைய நாமே வீட்டுக்குள்ள கூப்புடணுமா? ஏழே முக்காலாப் போடு."

போன வாரம் பாய் வீட்டு வாசலில் இரண்டு பேர் லேசர் கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்திருக்கிறார். இடித்துக் கட்டப்போகிறார்களா, விற்கப்போகிறார்களா என்று பாய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பக்கத்தில் இடிக்கிற மாதிரி இருந்தால் அதற்கு முன்னால் நம் வடக்குச் சுவர், பீம், படி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போது இருக்கும் விரிசல் எது, பின்னால் வந்தது எது என்று அப்போதுதான் பேச முடியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பீரோவை நகர்த்த ஆள் வேண்டும், தென்காசிப் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.